ஐந்தாவது டாலர்

பால்டிமோர் நாணயச் சந்தையில் கிளைட் கடை விரிக்க ஆரம்பித்து இருபது வருடமாகிறது. 1798-ஆம் வருடத்து வெள்ளி டாலர் எந்த அச்சில் அடித்தது என்பதைப் பொறுத்து விலை பத்து மடங்கு ஏறும். அந்த வித்தியாசம் கிளைடுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அபூர்வ அச்சைத் தொட்டதும் வாங்க வருகிறவனின் கையே காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்துத்தான் பிழைப்பு.

அன்று நாணயம் சேகரிக்கும் ஆரின் வந்து, வரிசையாக ஆறு டாலர்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஐந்தாவதை எடுத்ததும் அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

"எல்லாமே சாதாரணம்தான். வந்ததுக்கு ரெண்டாவதை எடுத்துக்கறேன். அந்த அஞ்சாவதையும் சேத்துக் குடுத்துடுங்களேன்."

"ரெண்டாவதைத் தாராளமா எடுத்துக்குங்க. அஞ்சாவது விக்கிறதுக்கு இல்ல!"

ஆரின் பணத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

கூட்டம் குறைந்ததும் கிளைட் ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு, அச்சு வகைகளைக் கரைத்துக் குடித்த நாடினிடம் ஓடினார்.

"எவ்வளவு தேறும்?"

"இதா? சந்தையெல்லாம் கொட்டிக் கிடக்குது. பின்பக்கத்துக் கழுகு வால்ல விரிசல் விழுந்த அச்சுதான் அபூர்வம். இப்பத்தான் ஆரின் ஒண்ணு காட்டினாரு. உங்க கடையிலதான் எடுத்தாராமே?"

"இதைத் தொட்டப்ப அந்த ஆளுக்குக் கை நடுங்குச்சே, நாடின்!"

"நடுக்கமா? அவருக்கா?" நாடின் எதிரே கைகாட்டினாள்.

காப்பிக் கடை வாசலில் நின்ற ஆரின், விளிம்புவரை நிரம்பிய கோப்பையை அதே கையால் கிளைடை நோக்கி உயர்த்தினார்.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.