பேஸ்ட் போட்டுத் தேய்த்த ராஜா

"யாரு இதைத் தேய்ச்சது?"

வீடே அதிர்ந்தது. கேட்டவர் கவர்னர். அப்படியொன்றும் பெரிய பதவியில்லை. மின்சார அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்தான். வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளைச் சேர்க்க ஆரம்பித்த பிறகு நடை, பேச்சு எல்லாம் ஒரு தினுசாக மாறிவிட்டதால் தெருவில் வைத்த பெயர்.

அவர் உள்ளங்கையில் ராஜா தலை போட்ட வெள்ளிக் காசு புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது. நேற்று வரை அதன் மேல் படிந்திருந்த கறுப்பு மொத்தமும் போன இடம் தெரியவில்லை.

"நான்தான் மாமா." மருமகள் தையல் மிஷினை நிறுத்தினாள். "கறுத்துக் கிடந்துச்சேன்னு பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டு..."

"பேஸ்ட் போட்டு!" கவர்னர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பழைய காசைத் தேய்க்கக் கூடாதுன்னு இந்த வீட்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்தக் கறுப்புதாம்மா அதோட மதிப்பே! தேய்ச்ச காசைக் கண்காட்சியில சேர்க்கவே மாட்டாங்க!"

சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார், டி.வி. பார்க்கும்போது சொல்லியிருக்கிறார். மகன் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பந்திக்கு விடாமல் நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறார்.

"விடுங்கப்பா, தெரியாம பண்ணிட்டா" என்றான் மகன்.

"தெரியாமலா? நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது இவ காதுல ஏறியிருக்கா?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அன்று மாலைதான் நாணயச் சங்கத்தின் கண்காட்சி. இந்த ராஜாவுக்குத்தான் முதல் பரிசு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இப்போது எந்த முகத்தோடு போவது?

போகத்தான் போனார். சங்கத் தலைவர் காசை லென்ஸில் ஒரு பார்வை பார்த்தார்.

"தேய்ச்சிட்டாங்களே சார்! யாரு?"

"மருமக."

அந்த ஒரு வார்த்தைக்குக் கூட்டமே உச்சுக் கொட்டியது. "எப்பேர்ப்பட்ட காசு! இப்படிப் பாழாப்போச்சே!" என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். தலைவர் காசை மரியாதையாக ஓரம் வைத்தார். பரிசு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். துக்கத்துக்கு நடுவிலும் கவர்னருக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அடுத்து காசை நீட்டியவர் ஒரு பல் டாக்டர். அவர் காசு கறுப்பு கலையாமல் கம்பீரமாக இருந்தது. தலைவர் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

"வெள்ளி காந்தத்துல ஒட்டாது டாக்டர். உள்ளே இரும்பு, மேல பூச்சு. யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கவர்னரின் குரல்தான் உரக்கக் கேட்டது. "அசல் எது, போலி எதுன்னு தெரியாதவங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? பல்லு பிடுங்குறதோட நிறுத்திக்க வேண்டியதுதானே!"

இனிமேலாவது ஏமாறாதிருக்கட்டும் என்று தலைவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு குட்டிக் காந்தம் கொடுத்தார்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்? பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்றார் கவர்னர். ஓசியில் வந்ததை விடுவானேன் என்று சட்டைப் பையில், திருப்பி வாங்கிய காசு கிடந்த இடத்திலேயே போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மருமகளைக் கூப்பிட்டார். காலையில் திட்டியதில் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"உன்னால சபையில என் மானமே போச்சு! இந்தா, இதை நீயே வச்சுக்கோ!"

பைக்குள் கைவிட்டுக் காசை எடுத்து மேஜைமேல் போட்டார். கூடவே காந்தமும் வந்து விழுந்தது.

பிரித்தார். ஒட்டிக்கொண்டது. புரட்டிவைத்துப் பார்த்தார். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் ராஜா காந்தத்தை விடுவதாக இல்லை.

கவர்னர் மருமகளைப் பார்த்தார். "உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"நேத்து இதை மிஷின் மேல வச்சிட்டுப் போனீங்க. ஊசி பொறுக்குற காந்தம் இதையும் சேர்த்துப் பொறுக்கிடுச்சு மாமா."

"சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிரூபிக்கிறதுக்காகவே அங்க எடுத்துட்டுப் போயிருப்பீங்க."

டீ குடிக்காமல் போன பல் டாக்டரின் முகம் கவர்னருக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மருமகள் மறுபடி தையலில் உட்கார்ந்தாள்.

"வெள்ளி காந்தத்துல ஒட்டாது, தேய்ச்ச காசை ஓரமா வச்சிடுவாங்க... எல்லாம் நீங்க சொன்னதுதானே மாமா? இந்த வீட்ல அதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டது நான் ஒருத்திதான்."