புகைக்குள் கேட்ட பாட்டு

ஓடைக்கு இந்தப் பக்கம் மைனாக்களும் அந்தப் பக்கம் கிளிகளும் குடியிருந்தன. ஒரு நாவல் மரத்துக்காக நடந்த சண்டையில் இரு பக்கமும் குஞ்சுகள் செத்துப்போன பிறகு, ஓடையை யாரும் தாண்டுவதில்லை.

கோடையில் ஒரு மத்தியானம் மைனாக்களின் பக்கம் தீப்பிடித்தது. புகையில் பக்கத்துக் கிளைகூடத் தெரியவில்லை.

"இங்கே தீ இல்லை, வாங்க!" என்று அக்கரையிலிருந்து ஒரு கிளி கத்தியது.

"போகாதே செம்பி, கொல்லத்தான் கூப்பிடுறாங்க" என்றது கருவன் என்ற மைனா.

செம்பி அதன் ஜோடி. பயம் வந்தால் செம்பி பாடும். சாலையோர டீக்கடை ஒலிபெருக்கியில் தினமும் கேட்கும் சினிமாப் பாட்டின் முதல் வரியைத் திக்கித் திக்கிப் பாடியது.

அக்கரையிலிருந்து இரண்டாவது வரி வந்தது.

"அவங்களுக்கும் இந்தப் பாட்டு தெரியுது!"

"தெரிஞ்சா என்ன? நில்லு!"

செம்பி நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டு வந்த திசையில் பறந்து, கிளிகளின் நடுவே போய் விழுந்தது. அங்கிருந்த கிழட்டுக் கிளி நகர்ந்து இடம் கொடுத்தது.

"உள்ளே இன்னும் எத்தனை பேர்?"

"ஒன்பது பேர்."

"அப்போ நிறுத்தாமல் பாடும்மா."

கிளிகளும் செம்பியும் சேர்ந்து பாடின. இறகு கருகிய மைனாக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எட்டு வந்தன. கருவன் வரவில்லை.

பாட்டு முடிந்தது. புகைக்குள் மரம் முறியும் சத்தம் கேட்டது. "கருவா!" என்று செம்பி புகையைப் பார்த்துக் கத்தியது.

கிளிகள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தன.