கேட்காத ஊசி

"இந்தத் தடவை ஊசி கேக்கலம்மா. எங்க, புருவத்தைத் தூக்குங்க, பார்ப்போம்" என்றார் டாக்டர் க்வோன்.

ஒக்ரான் தூக்கினாள். கண்ணாடியில், நெற்றியின் குறுக்கே மூன்று கோடுகள் எழுந்து அடங்கின. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சியோலின் முதல் பனி ஜன்னலுக்கு வெளியே ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையே தண்ணீருக்கு அடியில் மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

கூட வந்த மேலாளர் யூரிக்குத்தான் பதற்றம். ஒக்ரான் வேலை பார்ப்பது பெரிய கடையொன்றின் அழகுசாதனப் பிரிவில். சுருக்கம் போக்கும் புது கிரீம் பத்து நாளில் வருகிறது. விற்கிறவள் நெற்றியிலேயே சுருக்கம் இருந்தால் யார் வாங்குவார்கள்?

மருந்து குறைவா, போலியா என்று யூரி துருவித் துருவிக் கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றார் டாக்டர். நெற்றித் தசையைக் கட்டிப்போடும் இந்த ஊசியை இரண்டு வருடமாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டதுதான் வினை. அடிக்கடி போட்டால் சிலர் உடம்பு அந்த மருந்தை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். உள்ளே நுழைந்ததுமே மடக்கிவிடும். வேறு வகை மருந்து இருக்கிறது, வேண்டுமானால் இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம் என்றார்.

"போட்டுக்கங்கக்கா. வீட்டுல அவரும் சந்தோஷப்படுவார்ல?" என்றாள் யூரி.

"அவரா? ரெண்டு வருஷமா நான் எதைக் கேட்டாலும் பதிலே சொல்றதில்ல."

"இந்தச் சுருக்கத்தோட போய் நின்னா மட்டும் சொல்லிடுவாராக்கும்."

ஒக்ரான் சிரித்துக்கொண்டாள். நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தபோது அவள் எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் டாக்டர்."

யூரி திகைத்துப்போனாள். "அக்கா, அப்புறம் கீழ சரக்கறைக்குத்தான் அனுப்புவாங்க. பெட்டி அடுக்கணும்."

"அடுக்குறேன்."

பஸ் ஏறாமல் நடந்தே போனாள். விளம்பரப் பலகைகளில் இருந்த வழவழப்பான முகங்கள் பனிக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்து பின்னால் போயின. கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை.

வீட்டில் கணவர் சுங்மோ அடுப்பைப் பார்த்து நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்தது தெரியாமல் நின்றார். தோளைத் தொட்டதும் திரும்பினார்.

இன்றைக்கு உங்களுக்கு என்னைத் தேடிச்சா என்று கேட்டாள்.

சுங்மோ அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். தேடிச்சு, ரொம்பத் தேடிச்சு என்று பதில் சொன்னார், இரண்டு கைகளாலும்.

பிறவியிலேயே காது கேளாதவர் அவர். அவர்களுடைய கைப்பேச்சில் ஓர் அசைவைக் கேள்வியாக்குவது உயர்த்திய புருவம்தான். அசையாத நெற்றியோடு இந்த இரண்டு வருடமும் அவள் கேட்டதெல்லாம், பதில் தேவைப்படாத வெறும் செய்தியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.