கடைசியிலா கூப்பிடுவது?

“என்னைக் கடைசியிலதான் கூப்பிடுவாங்கன்னா, நான் வர்றதா இல்லன்னு சொல்லிடும்மா.”

உமாபதி குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தாமல் பேசினால்தான் அந்த வீட்டில் நடுக்கம் அதிகம். மருமகள் கீர்த்தி ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள். மறுமுனையில் பம்பாய் காத்திருந்தது.

கேசட் கம்பெனிகள் எல்லாம் கூடி அகில இந்திய அளவில் இசைக்கு விருது கொடுக்கத் தொடங்கி அப்போது இரண்டாவது வருஷம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, காலமெல்லாம் முருகன் சன்னதியில் திருமுறை பாடி வந்தவர் உமாபதி. அந்தக் குரலை ஒரு கம்பெனி கேசட்டாகப் போட்டது. அது வடக்கே வரைக்கும் விற்றுவிட்டது. விருது உண்டு, விமான டிக்கெட் உண்டு என்று தகவல் வந்தபோது தெருவே பூரித்தது. இன்றைக்கு விழா ஏற்பாட்டைச் சொல்லக் கூப்பிட்ட அம்மாள்தான் வம்பை இழுத்துவிட்டாள். மேடைக்கு அழைக்கும் வரிசையில் பெரியவர் பெயர் கடைசியாம்.

உமாபதிக்கு அது எப்படிப் பொறுக்கும்? தேர் வடம் பிடிப்பதற்கு முன்னால் குருக்கள் பரிவட்டத் துணியை முதலில் கட்டுவது அவர் தலையில்தான். அதற்கு முன் அவர் அப்பா தலையில், தாத்தா தலையில். அந்த முதலிடம் தங்களுக்கு வேண்டும் என்று பங்காளி கச்சபேசன் வீட்டார் ஒரு தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைந்து ஓய்ந்தாயிற்று. தாமலில் ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் வேறொருவரிடம் போய்விட்டுத் தம்மிடம் வந்தது என்பதற்காக, இலையில் கை வைக்காமல் பஸ் ஏறிய மனிதர் அவர்.

பம்பாயில் இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் வாங்கிக்கொண்டு வரலாமே என்று மனைவி கிருஷ்ணம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

“டிவியில போடுவான். கச்சபேசன் குந்திக்கினு பார்ப்பான். சினிமாக்காரன், டிஸ்கோக்காரன் எல்லாருக்கும் குடுத்து முடிச்ச பெறவு மிச்சம் மீதிய உமாபதி வாங்கிக்கினு வந்தான்னு ஊர் பூரா சொல்லுவான். எங்கப்பா பேரு இன்னாத்துக்கு ஆவும்?”

“மாமா, அங்க வந்து…” என்று கீர்த்தி ஆரம்பித்தாள்.

“அங்கயும் வரிசைன்னா வரிசைதாம்மா. மொதல்ல கூப்பிட்டா வர்றேன். இல்லன்னா அத்த அவங்களே வெச்சிக்கட்டும்.”

கீர்த்தி கையை எடுத்தாள். ஏனாத்தூர் காலேஜில் படித்த பெண். ஆங்கிலமும் வரும், இந்தியும் வரும். அவர் ஒரு மூச்சில் சொன்னதற்கு அவளுக்குப் பத்து மூச்சு தேவைப்பட்டது. குரலில் ஒரே பணிவு. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒத்துக்கினாங்க மாமா. உங்களத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க.”

“கேக்கற விதமா கேட்டா தருவான்” என்று உமாபதி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

சொன்னபடியே நடந்தது. பம்பாயில் விளக்கெல்லாம் அணைந்ததும் மேடைக்கு வந்த பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக ஏதோ நீளமாகப் பேசினாள். கடைசியில் உமாபதியின் பெயர் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கோட்டுப் போட்டவர்கள், கிடாரோடு வந்த பையன்கள், முகத்தில் ஜிகினா பூசிய பெண்கள், ஒருவர் பாக்கியில்லை. உமாபதி சிரிக்கவில்லை, குனியவில்லை. சரிகை வேட்டி சலசலக்க ஏறிப்போய் வாங்கிக்கொண்டு இறங்கினார். மரியாதை ஆன பிறகு அங்கே என்ன வேலை? துணைக்கு வந்திருந்த கீர்த்தியைக் கிளப்பிக்கொண்டு அறைக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த விழாவை டிவியில் காட்ட ஒரு மாதம் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை உமாபதி வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. குறை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கக் கச்சபேசனும் வந்திருந்தான். உமாபதி தம் கையாலேயே நாற்காலி எடுத்து, டிவிக்கு நேர் எதிரே அவனுக்குப் போட்டார்.

திரையில் அந்தப் பெண் பேசினாள். பெயர் வந்தது. அரங்கம் எழுந்தது. கூடத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கச்சபேசனின் முகம் வெளிறிவிட்டதை உமாபதி கண் நிறையப் பார்த்துக்கொண்டார்.

“பார்த்தியாடா? ஒருத்தன் குந்தியிருக்கானா பாரு. மொதல்ல வாங்கறவனுக்கு அதான்டா மரியாதை.”

கச்சபேசன் விடவில்லை. “அந்தப் பொண்ணு இன்னாமோ சொன்ன பெறவுதான எழுந்தாங்க? இன்னா சொல்லிச்சாம்?”

“நம்ம குடும்பத்து பெருமையச் சொல்லியிருப்பா. கீர்த்தி, இவன் காதுல நல்லா விழற மாதிரி தமிழ்ல சொல்லும்மா.”

“வேணாம் மாமா. அப்புறமா சொல்றேன்.”

“தெருவே இருக்குது, இப்பவே சொல்லும்மா.”

கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“‘இந்த விழாவிலேயே பெரிய விருது கடைசியில குடுக்கறதுதான். அத்த இந்தப் பெரியவருக்குன்னு வெச்சிருந்தோம். அவ்ளோ பெரிய எடம் எனக்கு எதுக்கு, புதுசா பாட வந்த பசங்களுக்குக் குடுக்கற நேரத்துலயே ஓரமா வந்து வாங்கிக்கினு போயிடறேன்னு வீட்டுலேர்ந்து சொல்லி அனுப்பிட்டாரு; இந்த அடக்கத்துக்கு எல்லாரும் எழுந்து நில்லுங்க’ன்னு சொன்னாங்க மாமா.”