அப்பா வந்தாச்சு

கதிர் மனைவி ஸ்வர்ணாவைப் பிரிந்து நகர மையத்தில் குடியேறினான். தகனினி புறநகர் வீட்டின் கதவருகே அவன் பொருத்திய உள்ளங்கையளவுக் கணினி மட்டும் தங்கிவிட்டது. வீட்டாரின் போன் வாசலை நெருங்கினால் வந்தது யார் என்று அது சொல்லும். வெள்ளிதோறும் மகள் ரஷ்மியைப் பார்க்க வருவதாகச் சொன்னவன் வரவில்லை. கணினி மட்டும் வெள்ளிதோறும், "அப்பா வந்தாச்சு" என்றது. ரஷ்மி ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் வெறும் வாசலைப் பார்த்தாள்.

ஸ்வர்ணா மென்பொருளிலிருந்து அவன் பெயரை நீக்கினாள். திருத்திய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் வேலையை அந்தச் சின்னக் கணினி தாங்காது என்பதால் லேப்டாப்பில் கம்பைல் செய்து அதில் ஏற்றினாள். அவசரத்தில் லேப்டாப்புக்கான வடிவத்தையே ஏற்றியது பிறகுதான் தெரிந்தது. சின்னக் கணினியின் சிப்பில் அது ஓடவே ஓடாது. ஊமையாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் வெள்ளி மாலை அது, "அப்பா வந்தாச்சு" என்றது. ரஷ்மி ஓடவில்லை. சோபாவில் நகர்ந்து பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டாள்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கணினி ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் கதிர் பொம்மைப் பெட்டியோடு நின்றான்.

"மோட்டார்வேல டிராபிக், ஸ்வர்ணா."

"இத்தனை வாரமுமா?" என்றவள் உள்ளே திரும்பினாள். "ரஷ்மி, யார் வந்திருக்கா பாரு."

ரஷ்மி எழுந்திருக்கவில்லை.

"ஹூ இஸ் இட், மா?" என்றாள். "அப்பா இஸ் ஹியர்."