நாலாம் மாடி பட்டன்

“இந்த வாரமும் லிஃப்ட் படுத்துடுச்சு! இனிமே அந்த மெக்கானிக்கை உள்ளே விட்டா நம்ம புத்தியைத்தான் சொல்லணும்.”

நாலு மாடி ஏறி வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு மூச்சு இரைத்தது. கூடவே ஏறி வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

டெய்லர் அக்கா மட்டும் ஆமாம் போடவில்லை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

“மெக்கானிக் தம்பியேதான் வரணும். வேற ஆள் தொட்டா நான் அதுல ஏற மாட்டேன்.”

“உங்க காலை உடைச்சதே அவர்தானேம்மா!”

“கால் என்னுது சார். கோபப்படறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்.”

நடந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று பழுது பார்க்க வந்த மெக்கானிக், நாலாம் மாடிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்துபோனார். துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த அக்கா, லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்தார். அது ஒரு மாடி கீழே நின்றது. மூட்டையின் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கால் பழையபடி வரவில்லை.

மெக்கானிக்குக்கு வேலை போனது. வேறு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஸ்பேனரை எடுத்தாலே கை நடுங்குகிறது என்று மச்சான் கடையில் தண்ணீர் கேன் சுமக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் அந்தக் கடை வாசலில் ஊன்றுகோலோடு போய் நின்றார் அக்கா. “லிஃப்ட் நின்னுடுச்சு. வா.”

“இந்த ஒரு தடவைதான்க்கா” என்று வந்தார். அன்றிலிருந்து லிஃப்ட் வாரா வாரம் நிற்கிறது; அக்கா கூப்பிட, அவரேதான் வந்து பார்க்கிறார்.

“பழி வாங்கறாங்க,” என்று கிசுகிசுத்தார் ரெண்டாம் மாடி அம்மா. “காலை ஒடிச்சவரை எல்லார் முன்னாடியும் வரவழைச்சு நிக்க வைக்கறாங்க. ஊமைக் குசும்பு!”

மெக்கானிக் வந்தார். கழுத்து வரை ஜிப் போட்ட வேலைக் கோட்டு.

“இந்தப் புழுக்கத்துல கோட்டு வேற,” என்றார் செயலாளர்.

மெக்கானிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பையைக் கீழே வைக்கும் முன்னால் பலகையை வைத்தார். கதவுக்குக் குறுக்கே சங்கிலி மாட்டினார். அப்புறம்தான் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு நகர்ந்தது.

“என்னய்யா கோளாறு?”

“கதவு ஓடற பள்ளத்துல குப்பை சார். கதவு முழுசா மூடலைன்னா வண்டி நகராது.”

“வாரா வாரமா? அதுவும் நாலாம் மாடியில மட்டுமா? அன்னைக்கும் மறதி, இன்னைக்கும் மறதி. உனக்குத் திருந்தற உத்தேசமே இல்லை. பராமரிப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடறோம். கிளம்பு!”

மெக்கானிக் தலை குனிந்துகொண்டார். “என் தப்புதான் சார். சரியாப் பார்த்திருக்கணும்.”

அக்காவின் ஊசி நின்றது.

“தம்பி தப்பு இல்ல சார். அது குப்பையும் இல்ல. சட்டை பட்டன். நான்தான் போட்டேன்.”

“ஏம்மா?!”

“லிஃப்ட் நின்னாத்தானே இவர் வருவார்? முதல் தடவை வந்தப்போ ஒரு ஸ்க்ரூ மாட்ட முடியலை, கை அப்படி ஆடுச்சு. இப்போ பாருங்க, ஆடுதா? என் ஒரு கால் போனது போதும் சார். அதுக்காக இவர் ரெண்டு கையும் போகணுமா?”



“அப்போ… வாரா வாரம் நாங்க படியேறினது?” என்றார் செயலாளர்.

“உடம்புக்கு நல்லது சார்.”

முதலில் சிரித்தது ரெண்டாம் மாடி அம்மாதான். அப்புறம் மாடியே சிரித்தது. செயலாளரும் தொப்பையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். “சரிய்யா, பராமரிப்பு உனக்கே. பட்டன் இல்லாம ஓட்டு!”

அக்கா மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “என்னை மன்னிச்சுடு தம்பி. உன்னை அநியாயத்துக்குத் திட்டு வாங்க வச்சுட்டேன்.”

மெக்கானிக் கோட்டின் ஜிப்பை இறக்கினார்.

உள்ளே ஒரு புது வெள்ளைச் சட்டை. சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று கீழிருந்து மேலாகக் கலர் கலராய்ப் பட்டன்கள்; கழுத்தில் மட்டும் பட்டன் இல்லை.

“அடப்பாவி! முதல்லேயே தெரியுமா? ஏன்டா சொல்லலை?”

இன்று எடுத்த மஞ்சள் பட்டனை அக்கா கையில் வைத்துவிட்டு, நனைந்த கண்ணோடு சிரித்தார் மெக்கானிக்.

“சொன்னா நிறுத்திடுவீங்களேக்கா… கழுத்துக்கு ஒண்ணு பாக்கி இருந்துச்சே!”