ரசீதுக்குப் பிறகு ஒரு பத்திரிகை

"எட்டு மாசத்துல ஓடுறதுக்கா மூணு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீரு?"

ராஜினாமாக் கடிதத்தை மேஜை மேல் வீசினார் கோவிந்தராஜன் மேஸ்திரி. நிஜாம் சீமையில் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் தமிழர்கள் சந்தா போட்டு நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் செயலாளர்.

எதிரே நின்ற சிவஞானம் வாத்தியார் சிரித்த முகமாகவே இருந்தார். மேஸ்திரிக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"பாதியில போனா மூணு மாசச் சம்பளம் அபராதம். ஞாபகம் இருக்கா?"

"கொண்டாந்திருக்கேங்க."

"நிஜாம் காசு நக்கோ, வேண்டாம். இங்கிலீஷ் ரூபாயா எடும்."

நாற்பத்தைந்து ரூபாயையும் எண்ணி வைத்தார் வாத்தியார். சைக்கிளையும் மோதிரத்தையும் விற்ற பணம். அதையும் ஏதோ லாட்டரி விழுந்தவர் மாதிரி சந்தோஷமாகச் சொன்னார்.

"பெஜவாடாவுல வேற பள்ளிக்கூடத்துல பெரிய சம்பளமோ? எங்க பிள்ளைங்க எக்கேடு கெட்டா உமக்கென்ன! நீர் காசுக்குப் பறக்குற ஆளுன்னு ஊரே பேசுது."

"ரசீது ஒண்ணு கொடுத்துடுங்க ஐயா."

'இன்று முதல் இவர் நமது பள்ளி ஆசிரியர் அல்ல' என்று வஞ்சனையில்லாமல் ஒரு வரியும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார் மேஸ்திரி. வாத்தியார் அதை இரண்டு தரம் படித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம்தான் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்.

மணமகள் பெயர் தங்கம். அதே பள்ளிக்கூடத்தில் பெண்கள் வகுப்பு எடுக்கும் தங்கம் டீச்சர்!

"அட, நம்ம டீச்சரா!" மேஸ்திரியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் இங்க வேலை பார்க்கக் கூடாதுன்னு நான்தானே சட்டம் போட்டேன். அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டு உம்மையே வெச்சிருப்போமே!"

"அது தெரிஞ்சுதாங்க, ரசீது கைக்கு வர்ற வரைக்கும் பத்திரிகைய காட்டல."

"என்னய்யா உளறுறீரு? இனிமே எங்க வேலை?"

"மெட்டுகுடா ஜவுளிக்கடையில. மாசம் பத்து ரூபா."

மேஸ்திரிக்குத் தலை சுற்றியது. "பதினஞ்சை விட்டுட்டுப் பத்துக்கா? இதுக்கு அபராதம் வேற! பைத்தியமா உமக்கு?"

வாத்தியார் அப்போதும் சிரித்தார்.

"தங்கம் போய், நான் இருந்தா... ஆம்பள வாத்தியார்கிட்ட உங்க பொண்ணைப் படிக்க அனுப்புவீங்களாய்யா?"

"அதெப்படி? வயசுப் பொண்ணாச்சே!"

"யாருமே அனுப்ப மாட்டாங்க. முப்பத்திரண்டு பொண்ணுங்களும் படிப்பை நிறுத்திட்டு வீட்டோட உக்காந்துடும். அதுக்குப் பதிலா நான் ஒருத்தன் வேலைய விட்டா போதும்னு தோணிச்சுங்க."